பித்தக்குழாய்ச் சிகிச்சையும் மலையக நோயாளரும்

பித்தக்குழாயில் கல் அடைத்தால் கண் மஞ்சளாகும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்துவிட்டால் அது உயிராபத்தான கிருமித்தொற்று எனவே கொள்ளப்பட வேண்டும். வட்டகொடையில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவருக்கு இது நேருமாயின் நடப்பது யாவரும் அறிந்ததே. காமாலை என்று கீழ்க்காய்நெல்லி அரைக்கப்படும். பேர் போய்விடுமே என்ற தயக்கத்தில் மேலும் சில தினங்கள் கழியும். பின்னர் தோட்ட மருந்தகம், நுவரெலியா, அங்கிருந்து கண்டி அல்லது கொழும்பு.

ஈ.ஆர்.சி.பி. எனப்படும் சிகிச்சையில், வாய்வழியாக உள்நோக்கிக் குழாயைச் சிறுகுடல்வரை செலுத்தி, பித்தக்குழாய் திறக்கும் சிறு வாயிலூடாகக் கல்லை அகற்றுகின்றனர். 1974 இல் அவ்வாயிலை மின்கத்தியால் விரிக்கும் முறை ஜேர்மனியிலும் ஜப்பானிலும் வந்தபின், வயிற்றைத் திறக்கும் தேவை பெரிதும் குறைந்தது.

எனினும் அவ்வாயில் எல்லோரிடத்தும் இலகுவில் வழிவிடுவதில்லை. ஐந்து தடவைக்கு மேல் தொட்டும் அல்லது ஐந்து நிமிடத்துக்கு மேல் முயன்றும் உட்புக முடியாவிடில், அல்லது கம்பி ஒரு தடவைக்கு மேல் தவறிக் கணையக்குழாயில் நுழைந்தால், அது கடினமான நிலை என 2016 இல் ஐரோப்பிய உள்நோக்கி மருத்துவர் சங்கம் வரையறுத்தது. அதன் பின்னும் அதே வழியில் முட்டிக்கொண்டிருந்தால் கணையம் அழற்சியுறும் அபாயம் ஏறும். கணையத்துள் ஒரு கம்பியை விட்டுவைத்து மறு கம்பியால் பித்தக்குழாயைத் தேடலாம்; ஊசிக்கத்தியால் கீறி வழி திறக்கவும் செய்யலாம். இந்த முன்வெட்டின் மீதே நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. தேர்ந்த கைகள் தாமதியாது செய்தால் அது நீண்ட முயற்சியைவிட ஆபத்தைக் கூட்டுவதில்லை என்பதே பின்னைய ஆய்வுகளின் பொதுவான முடிவு. பழகாத கையில் அதே கத்தி குடலைத் துளைக்கக்கூடும்.

மலிவான காப்பும் உண்டு. அபாயம் கூடிய நோயாளரிடையே 16.9 வீதமாயிருந்த கணைய அழற்சி, குதவழியே வைக்கப்படும் இன்டோமெதசின் மருந்தால் 9.2 வீதமாகக் குறைந்ததை 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2022 இல் மலிவான மருந்துகளுக்கே நமது வைத்தியசாலைகள் தவித்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே டிக்கோயாவுக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று எனக் கருவி கேட்பதில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. வருடத்தில் ஒரு சிலருக்கே செய்யப்படும் இடத்தில் கை தேறாது. காய்ச்சலுடன் காமாலை கண்டவரை அன்றைய தினமே தேர்ந்த மருத்துவரிடம் சேர்ப்பதற்கான ஒழுங்கைச் சுகாதார அமைச்சு செய்ய வேண்டும். கையொப்பத்துக்கு முன் ஆபத்துகளைத் தமிழில் விளக்க வேண்டும். கணைய அழற்சியின் வலி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எழுவது; அதற்குள் அவரை வட்டகொடைக்குப் புகைவண்டி ஏற்றிவிடக் கூடாது.