தொக்கணம் ஊராருக்கும் கிடைக்கட்டும்
நாள்பட்ட இடுப்புவலிக்கு மசாஜ் சிகிச்சையையும் பரிசீலிக்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டுதலைத் தமிழக அரசு நடைமுறைப்படுத்த வேண்டும். இதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்பதை அந்நிறுவனமே மறைக்கவில்லை. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு மாத்திரை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் அதே ஆவணம் கூறுகிறது. நமக்கோ மசாஜ் புதிதன்று; உடலைப் பிடித்துவிடும் தொக்கணம் சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஒன்று. குயிலாப்பாளையத்துக்கு அருகே, ஆரோவில்லின் கடற்கரை மையத்தில் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு உடலைத் தளர்த்தும் ‘வாட்சு’ வரை கட்டணத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அதே பகுதியில் முந்திரித் தோப்பில் குனிந்து நிமிரும் பெண்ணுக்கு வலி மாத்திரைதான். 2021 முதல் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பயிற்சியும் பதிவும் பெற்றவர்களைக் கொண்டு தொக்கணத்தையும் சேர்ப்பதே முறை. எலும்பு முறிவு, புற்றுநோய் ஐயம் உள்ளவர்களை முதலில் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.