சந்திரமுகிக்கு ஒரு பொம்மை

பனவடலிசத்திரம் டீக்கடையில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) ஒசத்தியா, பி.வாசு தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’ (2005) ஒசத்தியா? ஷோபனா முன்னால் ஜோதிகா நிற்க முடியாது என்பார் ஒருவர். ரஜினி இல்லாட்டா இந்தக் கதையை இங்க எவன் பாத்திருப்பான் என்பார் இன்னொருவர்.

எனக்கு ரெண்டு கட்சியிலும் இடமில்லை. மலையாளத்தில் பேய் தஞ்சாவூர்த் தமிழச்சி. தமிழுக்கு வந்ததும் தெலுங்குக்காரி. இந்தியில் (2007) வங்காளி. பேய் எப்பவும் அசலூர்க்காரி! அவளை அழித்தவன் மட்டும் எல்லா மொழியிலும் அரண்மனைக்காரன்.

காதலன் தலையை வெட்டி, சந்திரமுகியை உயிரோடு கொளுத்துகிறான் வேட்டையன். கடைசியில் அவளுக்குக் கிடைக்கும் நியாயம் என்ன? எரிக்க ஒரு பொம்மை. டாக்டரும் மந்திரவாதியும் சேர்ந்து ஏமாத்தி அனுப்புறாங்க. அரண்மனை அவங்க கையிலேயே இருக்கு. தியேட்டரில் கைதட்டினோம்; நானும்தான்.

தோழர்களே, நம்ம சீமையில் செத்தவளை இப்படியா அனுப்பினோம்? முத்துப்பட்டன் கொலையானதும் தீயில் இறங்கிய பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை வீட்டு அருந்ததியப் பெண்கள். பாபநாசம் மலையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் தெய்வங்கள். வில்லுப்பாட்டில் அவங்க கதை நிற்கிறது. அவர்களைப் பிறப்பால் பாப்பாத்திகளாக மாற்றிப் பாடியவர்களும் உண்டு. அதுவும் ஒரு ரீமேக்தான். அதைப் பத்தி எந்த டீக்கடையிலும் சண்டை நடந்து நான் பாத்ததில்லை.