கழிவரைக்கும் பொறி

அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளின் வீடுகளில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவரைக்கும் பொறி இருப்பதுண்டு. ராசீன் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹேம்ஸ் 1927இல் உருவாக்கியது அது. அதனுள் கத்திகள் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சுழலும் தட்டு கழிவைச் சுற்றுவளையத்தில் மோதவைத்தே நொறுக்குகிறது. ஆகவே முருங்கைச் சக்கையின் நார் சிக்கிக்கொள்ளும். சோறு ஊறிப் பசையாகிக் குழாயை அடைக்கும். பிரியாணிச் சட்டியின் நெய் உள்ளே உறைந்துவிடும். இவற்றைக் குப்பைக் கூடையில் இடுங்கள்.

முதலில் குளிர்ந்த நீரைத் திறந்து, பின்னர் பொறியை இயக்கி, கழிவைச் சிறிது சிறிதாக இடுங்கள். அரைத்து முடிந்த பின்னும் சற்று நேரம் நீர் ஓடட்டும். பொறி சிக்கி நின்றால் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, இடுக்கியால் எடுங்கள். ஒருபோதும் கையை உள்ளே விடாதீர்கள். பொறி பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். விரலுக்கு மாற்று இல்லை.