சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னது யார்? தோட்டத்து ‘மரியாதை’ கூலிமில் இப்போது எங்கே இருக்கிறது?

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்றைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம். துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டே போக அனுமதி வேண்டும்.

அதே பட்டியலில் பெரிய விஷயங்களும் இருந்தன. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி. 10, 12 மணி நேர வேலைக்கு முடிவு. பெண்களிடம் தவறாக நடந்துகொள்வது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்து பார்த்துவிட்டுப் போக அனுமதி. இத்தனைக்கும் நடுவில் அந்தச் சைக்கிள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு நிலைமை முற்றி, ராணுவம் வந்து, 5 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

உயிர் போகிற போராட்டத்தில் சைக்கிளை ஏன் சேர்த்தார்கள்? இந்தக் கேள்வி கூலிமில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் இன்றைக்கும் தேவைப்படுகிறது.

எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி

சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. துரையின் கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நில், கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்று என்பதெல்லாம் ‘மரியாதை’ என்ற பெயரில்தான் நடந்தது. மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில் தண்டல் பெயர் கூப்பிடும்போது உங்களுக்குப் பால் குறைந்த கிழட்டு மரங்கள் வரலாம். வேலையே இல்லை என்றும் ஆகலாம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை, சின்ன ஆஸ்பத்திரி, தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம், மாரியம்மன் கோயில் நிலம் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். சம்பளம் கொடுக்கிற கையும் கூரை கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால், பிரம்பை எடுக்க வேண்டிய அவசியமே வராது. ஆளே தானாக இறங்கி நிற்பான்.

உங்கள் ஐசியை எடுத்துப் பாருங்க. அப்பா பெயர் அதில் ஒரு மாதிரி இருக்கும், சித்தப்பா ஐசியில் தாத்தா பெயர் வேறு எழுத்துகளில் இருக்கும். பேனா பிடித்தவர் காதில் விழுந்தது எப்படியோ அப்படி எழுதினார். திருத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

வட்டாரத்தின் பெயர்களிலும் இது தெரிகிறது. பாடாங் செராய் பக்கம் விக்டோரியா தோட்டம், ஹென்ரியேட்டா தோட்டம். காராங்கான் பக்கம் டப்ளின் தோட்டம். அந்த மண்ணில் குப்பை கூட்டி, காடு வெட்டி, மரம் சீவியவர்கள் யாரும் டப்ளினைப் பார்த்ததில்லை. இன்றும் அந்தப் பெயர்களைச் சுமந்து நிற்பது பெரும்பாலும் நம் தமிழ்ப்பள்ளிகள்தான்.

கெடாவில் நடந்தது

போர் முடிந்த பிறகு, கூலிமுக்கு வடக்கே பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை என்ற அமைப்பை முன்னெடுத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் தாக்கம் அதில் நன்றாகவே தெரிந்தது: அணிவகுப்பு, ஒழுங்கு, நிமிர்ந்த நடை. அவர்களின் முதல் குறி கள்ளுக்கடை. மாலையில் தொழிலாளி அங்கே கொட்டும் காசு பகலில் அவன் சம்பாதித்தது. வீட்டில் அடி வாங்கியது பெண்கள்.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை முன்பு தொண்டர் படையினரும் போலீசாரும் மோதினார்கள். ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியதில் இன்னொருவர் பலியானார். குடிக்காதே என்று சொல்வதற்கு ஏன் துப்பாக்கி? என் கணிப்பு இது: அதிகாரிகளைப் பயமுறுத்தியது மதுவிலக்கு இல்லை. நேற்று வரை சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் இன்று வரிசையாக, தலைநிமிர்ந்து, ஒரே அடியில் நடந்து வந்த காட்சிதான்.

சரி, எல்லாம் வெள்ளைக்காரன் செய்ததா?

அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் 1941 கோரிக்கைப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளைத் துரையோடு சேர்த்து ஆசிய அலுவலர்களையும் அது குறிப்பிட்டது. கிராணிகளில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். ‘கறுப்புத் துரைகள்’ என்று தொழிலாளர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி சாதியையும் சேர்த்தே கூட்டி வந்தார். எந்த லயத்தில் யார், கோயிலில் யார் எதுவரை வரலாம் என்பதை நம் ஆட்களேதான் முடிவு செய்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோது, இங்கே பேச அவருக்கு நிறைய இருந்தது. திருவிழாவில் துரைக்கு மாலை போட்டு முதல் மரியாதை கொடுத்ததும் கோயிலில்தான். அது பணிவா, ‘நீயும் எங்கள் அம்மன் முன்னால் வந்துதான் ஆகணும்’ என்ற சாமர்த்தியமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். தோட்டத்திலிருந்து வந்த பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க, ஒவ்வொரு பாட்டியும் ஒவ்வொரு பதில் சொல்வார்.

லயம் போனது, விடுதி வந்தது

ரப்பர் போய் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், வேலையோடு வீட்டையும் இழந்து குடும்பங்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தன. 1996-ல் கூலிம் ஹைடெக் பார்க் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியான் நிறுவனம் இங்கே தன் புதிய சிலிக்கான் கார்பைடு சிப் ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தபோது, பிரதமர் அன்வார் இப்ராஹிம் நேரில் வந்தார். உங்களில் சிலர் இப்படிப்பட்ட ஆலைகளில் டெக்னீஷியன், சிலர் இன்ஜினியர். இது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் வேலையையும் வீட்டையும் ஒரே கை வைத்திருக்கும் அந்தப் பழைய ஏற்பாடு நாடு முழுக்க இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குள் இப்போது இருப்பவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. படுக்கை அந்த முதலாளி ஏற்பாடு செய்த விடுதியில். பெர்மிட் விதிப்படி இங்கே திருமணம் செய்துகொள்ளவோ குடும்பத்தை அழைத்து வரவோ முடியாது. இந்த ஒரு விஷயத்தில் லயம் பரவாயில்லை. அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-ல் வந்தபோது தோட்டங்களையும் சுரங்கங்களையும் மட்டுமே குறிவைத்தது. 2019-ல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. பெரிய விடுதியில் ஒருவருக்குப் படுக்குமிடம் குறைந்தது 3 சதுர மீட்டர் இருக்க வேண்டும். மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். விடுதிக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழும் கட்டாயம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, முதலாளியே ஆனாலும், 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கட்டாய உழைப்பு 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே குற்றமாகியிருக்கிறது.

இதில் நாம் எங்கே நிற்கிறோம்? லைன் லீடராக, சூப்பர்வைசராக, எச்ஆர் அலுவலராக நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, ஒரு வகையில் பழைய கிராணியின் நாற்காலி. ‘டேய் பங்களா’ என்று கூப்பிடும் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவருக்கும் பெயர் இருக்கிறது, பஞ்ச் கார்டில்கூட இருக்கிறது.

நீங்கள் அப்படியொரு நாற்காலியில் இருந்தால், அடுத்த முறை விடுதிப் பக்கம் போகும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் பார்க்க வந்தால் கார்டு உள்ளே விடுகிறாரா. மூன்றாவதைத்தான் 1941-லும் கேட்டார்கள். சட்டத்தில் உள்ளது மீறப்பட்டிருந்தால் புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்கலாம். அதைக் கொடுக்க மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.