பொங்கின மாவைத் தொடாதீங்க சாமி!

வடக்கே குடியேறின நம்மாளுங்க வீட்டுல இட்லி கல்லா வந்தா தீர்ப்பு ரெடியா இருக்கும்: "டெல்லி தண்ணி சரியில்லைங்க." தண்ணி பாவம். நான் பார்த்த வரைக்கும் பாதி வீட்டுல குற்றவாளி வேற. ராத்திரி பொங்கி நிக்கிற மாவை, 'ஃப்ரிட்ஜுல இந்தக் குண்டான் கொள்ளாது'ன்னு நல்லாக் கலக்கி வேற டப்பாவுக்கு மாத்துறாங்களே, அந்தக் கரண்டிதான்.

மாவுக்குள்ள லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா வேலை பார்த்து கரியமில வாயுவை விடுது. உளுந்தோட கொழகொழப்பும் புரதமும் அந்தக் குமிழியைப் பிடிச்சு வெச்சிருக்கு. இட்லியோட மெத்து அதுலதான். நாலு சுத்து சுத்தினா குமிழி உடையும், வேற டப்பாவுல ஊத்தினா மிச்சமும் போச்சு. சென்னை மே மாசத்துல இது பெருசாத் தெரியாது, வெளியில வெச்சா மறுபடி கொஞ்சம் எழும்பிடும். ஜனவரி நொய்டாவுல? ராத்திரி 7, 8 டிகிரி. கம்பளியைச் சுத்தி, அவனுக்குள்ள லைட்டைப் போட்டு வெச்சு, 18, 20 மணி நேரம் காவல் காத்து சேர்த்த காத்தை அரை நிமிஷத்துல வெளியேத்திட்டு தண்ணியைத் திட்டுறது என்ன நியாயம்?

"எங்கம்மா மாத்துவாங்களே!" தோசைக்கு மாத்தியிருப்பாங்க. கல்லுல தேய்க்கப் போற மாவு, எவ்ளோ வேணா கலக்கிக்குங்க.

பீர் காய்ச்சறவங்களுக்குள்ளயும் இதே சண்டை உண்டு (அடிக்க வராதீங்க, விஷயத்துக்காகச் சொல்றேன்). பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது பாத்திரத்துக்கு மாத்தணுமா வேணாமா? அடியில தங்கற ஈஸ்ட் ருசியைக் கெடுக்கும்னு மாத்தினாங்க. மாத்தும்போது காத்தும் கிருமியும் உள்ள போகுதுங்கறது எதிர்க்கட்சி. ஒரு காலத்துல மாத்தச் சொன்ன ஜான் பால்மரே, பின்னாடி பெரும்பாலான ஏல் பீருக்கு அது வேணாம்னு சொல்லிட்டார். அவங்களுக்காவது ஈஸ்ட்னு ஒரு காரணம் இருந்தது. நமக்கு ஃப்ரிட்ஜ் தட்டோட உயரம்!

பிரிக்கணும்னா அரைச்ச உடனே பிரிங்க. இட்லிக்கு ஒரு பாத்திரம், தோசைக்கு ஒண்ணு. பாதிக்கு மேல ரொப்பாதீங்க. உப்பையும் அப்பவே போட்டுக் கையால கலந்துடுங்க. காலையில போட்டா கலக்கியே ஆகணுமே. குளிர்ல உப்பு போட்டா பொங்க லேட்டாகும்னு ஒரு கட்சி இருக்கு. ஆகட்டுமே, கொஞ்சம் முன்னாடி அரைங்க. ஊத்தும்போது ஓரமா அலுங்காம மொண்டு தட்டுல விடுங்க, அவ்ளோதான்.

இதுக்குப் போய் இவ்ளோ கோவமான்னு கேப்பீங்க. எங்க பக்கத்து பிளாக்ல ஒரு பொண்ணு, 8 மணி மெட்ரோவைப் பிடிக்கணும். ஊர்லேர்ந்து வந்த மாமியார், பொங்கின மாவை அவங்க கையாலயே டப்பாவுக்கு மாத்தி வெச்சுட்டு, மறுநாள் "உனக்கு மாவு அரைக்க வரலை"ன்னுட்டாங்க. இப்ப அந்த வீட்டுல பாக்கெட் மாவு, அவசரத்துக்கு ரவையும் ஈனோவும். கோயம்புத்தூர்லேர்ந்து ரயில்ல மடியில வெச்சுக் கொண்டு வந்த கிரைண்டர் பரண்ல கெடக்கு.

மாவு புளிக்கக் கூடாதுன்னா பாத்திரத்தோட தூக்கி உள்ள வைங்க. உயரம் பத்தலையா? ஃப்ரிட்ஜோட நடுத் தட்டைக் கழட்டலாம். இழுத்துப் பாருங்க, வரும்.