எலியின் மூளையும் 'காதல் ஹார்மோன்' என்னும் கதையும்

காதலாவது வேறொன்றுமில்லை, ஆக்சிடோசின்தான் என்றெழுதுவது நம் இலக்கியக் கட்டுரைகளில் ஒரு மோஸ்தராகிவிட்டது. மேடையேறும் பேராசிரியர் சிலரும் அகத்திணை ஒழுக்கம் முழுவதையும் ஒரே ஹார்மோனுக்குள் அடைத்துவிட்டுக் கைதட்டலோடு இறங்குகிறார்கள். அறிவியலின் பெயரால் நிகழும் இந்தச் சோம்பலை அறிவியலே ஏற்காது என்பது என் வாதம்.

இவர்கள் தவறாமல் சாட்சிக்கு இழுப்பது வட அமெரிக்காவின் வோல் என்னும் சிற்றெலியை. பிரெய்ரி வோல் இணையோடு சேர்ந்து வாழும். ஆணும் குட்டிகளைப் பேணும். (கூடு ஒன்றானாலும் குட்டிகளின் தந்தை எப்போதும் ஒருவனல்லன் என்று மரபணுச் சோதனைகள் காட்டியதைச் சொல்லமாட்டார்கள்.) அதன் நெருங்கிய உறவான மலை வோல் கூடிப் பிரிந்துவிடும். ஆகவே முன்னதற்கு ஆக்சிடோசின் மிகுதி, பின்னதற்குக் குறைவு என்று கதையை முடித்துவிடுகிறார்கள். 1992இல் இன்செல், ஷாப்பிரோ இருவரும் வெளியிட்ட ஆய்வு சொன்னது இதுவன்று. அவர்கள் கண்ட வேறுபாடு, அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எங்கே அமைந்துள்ளன என்பதில். பிரெய்ரி வோலுக்கு அவை, இன்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் செறிந்திருந்தன. மலை வோலுக்கு வேறிடங்களில். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மலை வோலின் பெட்டை குட்டி ஈன்றதும் அமிக்டலாவில் ஏற்பிப் பரவல் மாறி, பிரெய்ரி வோலின் பரவலை நெருங்குகிறது. அதைப் பிறவியிலேயே அன்பற்ற எலி என்று முத்திரை குத்தவும் வழியில்லை.

ஒரே சொல் இடத்துக்கேற்ப வெவ்வேறு பொருள் தருவதை நாள்தோறும் வகுப்பில் விளக்குகிறவர்களுக்கு இது விளங்காமற் போவதுதான் வியப்பு. ஒன்பது அமினோ அமிலங்களாலான அதே மூலக்கூறுதான் பசுவுக்கும் ஆட்டுக்கும் எலிக்கும் நமக்கும் சுரக்கிறது. பெட்டையாட்டின் மூளைக்குள் செலுத்தினால் அயல் குட்டியையும் ஏற்கிறது. பசுவுக்கு ஊசியாக ஏற்றினால் பால் இறங்குகிறது. கறப்பவர்மேல் காதல் பிறப்பதில்லை. தென் அமெரிக்கக் குரங்குகள் சிலவற்றிலோ ஒன்பதில் ஒன்று மாறியே இருக்கிறது.

2004இல் ஒரே மரபணுவைச் செலுத்தி, துணையோடு தங்காத இன்னொரு வோல் இனத்தைத் துணை நாடச் செய்தார்களே என்பர். செய்தார்கள். ஆனால் அது வாசோபிரசின் ஏற்பிக்கான மரபணு. ஆக்சிடோசினுக்கு அதில் பெருமையில்லை.

2023இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாதபடி மரபணு திருத்தப்பட்ட பிரெய்ரி வோல்களைப் பற்றி எழுதினர. அவையும் இணை சேர்ந்தன. பெட்டைகள் ஈன்று, ஓரளவு குறைவாயினும் பாலூட்டின. 'காதல் ஹார்மோன்' பற்றிக்கொள்ள இடமே இல்லாத அந்த மூளைக்குள் இணைப்பிரியம் எந்த வழியாக நுழைந்தது? ஆக்சிடோசினுக்குப் பங்கே இல்லை என்பதல்ல; வழிகள் பல என்பதே அவர்கள் கண்டது.

இனி அகப்பாடல் உரையில் இந்தச் சொல்லை இழுக்கும் நண்பர்கள், எந்த விலங்கில், மூளையின் எந்தப் பகுதியில், எந்த ஏற்பி என்பதையும் சேர்த்தே எழுதட்டும். அப்போது விவாதிக்கலாம்.