குற்றம் சென்சாருடையதுதானா?

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் குலுங்குகிறதா? நின்ற நிலையில் எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறதா? த்ராட்டில் திறப்பின் அளவைக் கணினிக்கு உணர்த்தும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் பழுதாகியிருக்கலாம். ஆயினும், வெறும் ஐயத்தால் அதை மாற்றிப் பொருளை விரயமாக்காதீர்கள்.

எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, சிக்னல் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். கேபிளால் த்ராட்டில் இயங்கும் பல கார்களில், மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுதும் திறக்கையில் சுமார் 4.5 வோல்ட்டும் காட்டும். மெல்லத் திறக்குங்கால் அளவு சீராக உயர வேண்டும். இடையில் திடீரென வீழ்ந்தாலோ துள்ளினாலோ, சென்சாரின் உட்தடம் தேய்ந்திருக்கக் கூடும். சென்சாருக்கு வரவேண்டிய 5 வோல்ட்டே வரவில்லையெனில், குறையை முதலில் ஒயரிலும் கனெக்டரிலும் தேடுங்கள்.

சாலையைக் கடக்கும் வேளையில் வண்டி தயங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சோதிக்காமல் தீர்ப்பும் வழங்காதீர்கள்!